சீமாட்டியின் எடைக் கணக்கு

என் அக்கா மகளைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். உண்மைதான். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் அவள் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவசரக்காரர்களுக்குப் பக்கத்துத் தெருவில் வேறு தையல் கடை இருக்கிறது, தாராளமாகப் போகலாம். இப்போது அவள் பால் சங்கத்தில் வேலை பார்க்கிறாள். தொழுவம் தொழுவமாகப் போய்க் கன்றுகளை நிறுத்துப் பார்த்து எழுதுவது அவள் வேலை. அவள் எழுதியதை மறுபடி சரிபார்க்க ஆள் அனுப்புவதில்லையாம். சும்மா வந்ததா அந்த நல்ல பெயர்?

அவளுக்கு 'ஒத்தைக்கோடு' என்று பட்டம் வைத்தவன் நான். அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் இளையோர் கால்நடை வளர்ப்புத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பிராணி. ஆடோ கோழியோ முயலோ, வீட்டு இடத்துக்குத் தகுந்தபடி. வளர்ப்பது பாதி வேலை, வளர்த்ததை எழுதி வைப்பது மீதி வேலை. என்ன தின்றது, என்ன நோய் வந்தது, எந்த மருந்து எவ்வளவு கொடுத்தது, வாரத்துக்கு எவ்வளவு எடை ஏறியது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்ட பதிவேடு ஒன்று கொடுத்தார்கள். அதில் ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் குறுக்கே ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மற்றப் பிள்ளைகள் அந்த விதியை ஏட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். இவள் வீட்டுக்கும் கொண்டு வந்தாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை சினிமாவுக்குப் போகலாம்னு நேத்து சொன்னே. இன்னிக்கு இல்லேங்கிறே. நேத்து சொன்னதை அடிச்சுட்டு இதை எழுதிக்கவா? கையெழுத்துப் போடுறியா?" இப்படிக் கேட்கிற பிள்ளையை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

என் அக்கா மருந்துக்கடையில் நிற்கிறாள். அத்தான் லாரி ஓட்டுகிறவர். தங்கமான மனிதர்தான், ஆனால் வாய் மட்டும் லாரியைவிட நீளம். அவர்கள் வீட்டுக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே எனக்குத் தையல் கோணும். அதனால் அந்த வருஷம் நடந்தது எல்லாம் என் காதுபட, பாதி என் கண்பட நடந்தது.

திட்டத்தில் அவளுக்குக் கொடுத்தது ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி. கறுப்பு உடம்பு, வெள்ளைக் காது. வந்த அன்றே தெரிந்துவிட்டது அதன் குணம். தரையில் விழுந்த தழையைத் தொடாது. கையில் பிடித்து நீட்டினால் போனால் போகிறது என்று கடிக்கும். "சீமாட்டி வந்துட்டாங்க, நாற்காலி போடுங்க" என்றேன் நான். அந்தப் பெயரே நிலைத்தது. பதிவேட்டிலும் பெயர் என்ற கட்டத்தில் சீமாட்டி என்று எழுதி, வைத்தவர் மாமா என்றும் எழுதினாள். அப்படி ஒரு கட்டமே அதில் கிடையாது. இவளாகவே கோடு போட்டுக்கொண்டாள்.

எழுதுவதில் அவளுக்கு ஒரு பிடிவாதம். தான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவாள். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தாள். அக்காதான் ஆட்டுக்குப் புண்ணாக்கு வைத்தாள். மறுநாள் ஏட்டைப் பார்த்தால், 'தீனி வைத்தது அம்மா. அளவும் அம்மா சொன்னது. நான் பார்க்கவில்லை' என்று எழுதியிருக்கிறாள். அக்காவுக்கு மூக்கு விடைத்துவிட்டது. "பெத்தவளை நம்பாத பொண்ணு எங்கேயாவது உண்டாடி?" என்று கத்தினாள். "நம்புறேம்மா. ஆனா பார்க்கலையே" என்றாள் இவள். சாப்பிட உட்கார்ந்தால் சீமாட்டியின் புழுக்கை இன்று உதிரியாக இருந்ததா, ஒட்டியிருந்ததா என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். அத்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கும் நாள். ஆடு தானாக மெஷினில் ஏறி நிற்குமா? அதற்குத் திட்டத்து ஆய்வாளர் அம்மா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். பிள்ளை தன் எடையை முதலில் பார்த்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வாராவாரம் பிராணியைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏற வேண்டும். வருகிற எடையில் தன் எடையைக் கழித்தால் மிச்சம் பிராணியின் எடை. மருந்துக்கடையில் ஓரங்கட்டிய பழைய எடை மெஷினை அக்கா கேட்டு வாங்கி வந்தாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தரை மட்டமாக இருக்கிற இடத்தில் அதை வைத்தார்கள். இவள் சீமாட்டியைக் கைக்குழந்தை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஏறுவாள். அது பின்னால் நின்று பார்க்கிற என்னை முறைக்கும். இவள் தலையைச் சாய்த்து முள்ளைப் பார்த்து, இறங்கி, முதல் பக்கத்தைத் திருப்பி, அங்கே எழுதியிருந்த முப்பத்து நாலு கிலோவைக் கழிப்பாள்.

சீமாட்டி கிடுகிடுவென்று எடை ஏறினாள். வருஷ நடுவில் ஆய்வாளர் அம்மா எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி, இவள் பதிவேட்டை விரித்துக் காட்டினாராம். "எழுதினா இப்படி எழுதணும். வளர்த்தா இப்படி வளர்க்கணும். வருஷம் முடிஞ்சதும் இந்த ஏட்டைத்தான் அடுத்து வர்ற பிள்ளைங்களுக்கு மாதிரியா வைக்கப் போறேன்" என்று சொன்னாராம். முதல் பரிசு ஒரு கிடேரிக் கன்று. நல்ல இனம். அது நமக்குத்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவே செய்துவிட்டோம். அத்தான் அதற்கு மேலே போனார். பழைய லாரிப் பலகைகளைக் கொண்டு வந்து கன்றுக்குத் தொட்டி செய்தார், தகரம் போட்டுக் கொட்டகை எழுப்பினார். அதோடு நின்றாரா? லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு டிரைவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்தார். "அடுத்த மாசம் என் வீட்டுல பசு மாடு" என்று கன்றை மாடாகவே ஆக்கிவிட்டார்.

பரிசு நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, திட்டத்துச் சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இவள் என் கடைக்கு வந்தாள். வருஷ ஆரம்பத்தில் நான் தைத்த சட்டை அது. வளர்கிற பிள்ளை என்று உள்ளே தாராளமாகத் துணி விட்டுத்தான் தைத்திருந்தேன். இப்போது பார்த்தால் தோள் இழுக்கிறது, கை மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது, பொத்தான் மூச்சு முட்டுகிறது. உள்ளே விட்ட துணியை எல்லாம் பிரித்தாலும் பற்றாது போலிருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா?

"ஏன் பாப்பா, சீமாட்டிக்கு வெச்ச புண்ணாக்கையெல்லாம் நீதான் தின்னியா? ஆட்டைவிட வேகமா வளர்ந்திருக்கியே!"

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, நான் எவ்வளவு வளர்ந்திருக்கேன்?"

"உயரம் ரெண்டரை அங்குலம். மார்பு சுத்தளவு..."

"எடை?"

"நான் தையல்காரன், தராசுக்காரன் இல்ல."

அவ்வளவுதான். குண்டூசி குத்தியிருந்த சட்டையோடு ஓடினாள். கழுத்தில் டேப்போடு நானும் பின்னால் ஓடினேன், ஊசி குத்திவிடுமே என்ற பயத்தில். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவள் மெஷின் மேல் நின்றிருந்தாள். தோளில் ஆடு இல்லை. தனியாக. முள் நாற்பதில் நின்றது. இறங்கி மறுபடி ஏறினாள். மறுபடியும் நாற்பது.

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். "முதல் பக்கத்துல எழுதினதையே வருஷம் பூரா கழிச்சிருக்கேன் மாமா. நான் வளர்ந்ததெல்லாம் சீமாட்டி கணக்குல ஏறியிருக்கு. அது முப்பத்தொண்ணு இல்ல. இருபத்தஞ்சுதான்." சொல்லிவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊசி குத்துகிறது என்றுகூடச் சொல்லவில்லை.

அக்காவும் அத்தானும் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அத்தான், "இவ்வளவுதானா? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றார். "அங்க ஆட்டை நிறுக்கிற தராசு இருக்கா?"

"இல்லப்பா. தடவிப் பார்த்து உடம்புக்கு மார்க் போடுவாங்க. எடைக்கு ஏட்டைப் பார்த்துத்தான்."

"அப்புறம் என்ன? யாருக்குத் தெரியப்போகுது? பேசாம இரு."

"எனக்குத் தெரியுதேப்பா."

அக்கா நடுவில் புகுந்தாள். அவளுக்கு எதையும் பதமாக முடிக்க வேண்டும். "அப்படியே விட வேண்டாம்டி. ஆறு கிலோதானே கூட இருக்கு? வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு எழுதிடு. கடைசியில இருபத்தஞ்சுல வந்து நிக்கும். தப்பும் இல்ல, பொய்யும் இல்ல" என்றாள்.

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் அளவு நோட்டில் இவளுடைய பழைய அளவுகள் எல்லாம் இருக்கின்றன, வேண்டுமானால் எந்த மாசம் எவ்வளவு வளர்ந்தாள் என்று எடுத்துத் தருகிறேன் என்றேன். "அங்குலத்தைக் கிலோவா மாத்த முடியாது மாமா" என்று என்னை ஒரு வரியில் உட்கார வைத்தாள். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "எந்த வாரம் நான் எவ்வளவு ஏறினேன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாததை எப்படி எழுதுறது? வயித்துப் பூச்சி மருந்து இந்த எடையைப் பார்த்துத்தானே கொடுத்தேன்? சீமாட்டிக்குக் கூடக் கூட ஊத்தியிருக்கேன். நல்லவேளை, ஒண்ணும் ஆகல. அடுத்த வருஷம் இந்த ஏட்டைப் பார்த்து இதே மாதிரி யாராவது நிறுத்து மருந்து ஊத்தினா?"

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர் ஆட்டுக்கெல்லாம் நீதான் டாக்டரா? கன்னு வருதுன்னு அத்தனை பேருகிட்டயும் சொல்லிட்டேன்டி. நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க போய் நிப்பேன்?" என்று கத்தினார். எனக்கும் சுர்ரென்று ஏறியது. "உங்களை யாரு முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாலயே சொல்லச் சொன்னது?" என்று நான் கத்த, "மாப்ள, நீ ஊசி நூலைப் பாரு" என்று அவர் கத்த, கொஞ்ச நேரம் அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. நாங்கள் ஓய்ந்து பார்த்தபோது, அவள் படியில் உட்கார்ந்து பதிவேட்டை மடியில் வைத்து, அடிக்கோல் பிடித்து, எடைக் கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கோடு. பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்து. முதல் எடை மட்டும் தப்பித்தது. கடைசி எடையை அடித்துவிட்டு இருபத்தைந்து என்று எழுதினாள். அடியில் காரணம் என்று போட்டு எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'ஆட்டைத் தூக்கியவள் வளர்ந்துவிட்டாள். அதைக் கவனிக்கவில்லை.'

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் மகளோடு பேசவில்லை. இவள் கொட்டகையைப் பார்க்கும் போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே தவிர, ஆசை விட்டுப்போகுமா? கன்றுக்கு இருக்கட்டும் என்று ஒரு மணியும் வாங்கி வைத்திருந்தாள். அதை எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

பரிசு நாளன்று பள்ளிக்கூட மைதானம் முழுக்க ஆடும் கோழியும் முயலும் பிள்ளைகளும். எது கத்துகிறது என்றே தெரியாத சத்தம். நானும் அக்காவும் முன்வரிசையில் இடம் பிடித்தோம். அத்தான் வரமாட்டார் என்று நினைத்தோம். கேட்டுக்குப் பக்கத்தில், லாரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு அவர் நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். கூட்டத்தில் கத்திவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

நடுவராக வந்தவர் வெளியூர் கால்நடை மருத்துவர். வழுக்கைத் தலை, கனமான குரல். சீமாட்டியின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பதிவேட்டைத் திறந்தார்.

"என்னம்மா இது? பதிவேடா, தண்டவாளமா?"

கூட்டம் சிரித்தது. இவள் முகம் சிவந்துவிட்டது. சீமாட்டியின் கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு சொன்னாள். "எடை எடுத்தப்போ ஆடு மட்டும் வளரலைங்க ஐயா. நானும் வளர்ந்தேன். என் எடையை மறுபடி பார்க்காம விட்டுட்டேன். அதனால இந்த எடையெல்லாம் தப்புங்க."

இந்தத் தடவை சிரிப்புப் பெரிதாக எழுந்தது. ஆனால் நடுவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "முதல் எடை தெரியுது, கடைசி எடை தெரியுது. நடுவுல இருக்கறதை ஒரு கணக்காப் போட்டு எழுதியிருக்கலாமே?"

"அது நிறுத்த எடை இல்லைங்களே ஐயா. நானாப் போட்ட எடை."

"எடைக் கட்டத்துக்கு மார்க் கிடையாது. தெரியும்ல?"

"தெரியுங்க."

அவள் நிமிர்ந்துதான் நின்றாள். நடுவர் ஏட்டை மூடாமல் மற்றப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "வேற யாரெல்லாம் தூக்கி வெச்சு எடை பார்த்தீங்க?"

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. கிடா வளர்த்த பையன் ஒருவன் இருந்தான். வருஷ ஆரம்பத்தில் வாண்டுப் பயலாக இருந்தவன், இப்போது குரல் உடைந்து, அரும்பு மீசையோடு, ஆய்வாளர் அம்மாவைவிட ஒரு முழம் உயரமாக நிற்கிறான். அவன் கிடா எவ்வளவு ஏறியதோ தெரியாது, அவன் ஏறியது ஊருக்கே தெரிந்தது. அவன் தன் கால்சட்டையைக் குனிந்து பார்த்தான். கணுக்காலுக்கு மேலே நின்றது. தலையைச் சொறிந்துகொண்டு கையைத் தூக்கினான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு கையாக எழுந்தது.

ஆய்வாளர் அம்மாவும் எழுந்தார். "முதல் பக்கத்துல எழுதச் சொன்னது நான்தான் சார். மாசாமாசம் பிள்ளைங்க எடையையும் பார்க்கச் சொல்லியிருக்கணும். எனக்கே தோணல" என்றார். அதைச் சொல்லவும் ஒரு நெஞ்சு வேண்டும். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு என் கடையில் தையல் கூலியில் தள்ளுபடி.

பேனாக்கள் வெளியே வந்தன. அடிக்கோல் என் அக்கா மகளிடம் மட்டும்தான் இருந்தது. அது கைக்குக் கை மாறியது. ஆட்டுக்காரப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, தங்கள் எடைகளைத் தாங்களே அடித்தார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. என் பிள்ளை தொடங்கி வைத்தது அது என்று நினைத்தபோது எனக்கு மார்பு சட்டைக்குள் அடங்கவில்லை.

கன்று யாருக்குப் போனது தெரியுமா? முயல் வளர்த்த ஒரு பொடிசுக்கு. முயலைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியதில்லையே, சமையல் தராசில் கூடையோடு வைத்து நிறுத்திருக்கிறாள். அவள் கணக்கு அப்படியே நின்றது. கயிற்றைக் கையில் கொடுத்ததும் கன்று அவளை மைதானம் முழுக்க இழுத்துக்கொண்டு ஓடியது. எங்கள் பிள்ளை ஓடிப்போய்க் கன்றைப் பிடித்து, கயிற்றை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பொடிசுக்குக் காட்டிக் கொடுத்தாள். கன்றின் நெற்றியை ஒருமுறை தடவினாள். அப்புறம் கோழிக் கூண்டுகளுக்குப் பின்னால் போய் நின்றாள். அழுதாள். நன்றாகவே அழுதாள். அக்கா போகப் பார்த்தாள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

"வண்டி வெளியே நிக்குது" என்றார் அத்தான். ஒரு வாரத்தில் மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. சீமாட்டியைப் பின்னால் ஏற்றி அதோடு நானும் ஏறிக்கொண்டேன். அம்மாவும் மகளும் முன்னால். வீட்டுக்குப் போக லாரிகள் நிற்கிற அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வேகமாகத் தாண்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அங்கே வந்ததும் வண்டியை ஓரங்கட்டினார். என்ஜினை அணைத்தார்.

டிரைவர்கள் டீக்கிளாசோடு சூழ்ந்துகொண்டார்கள். பின்னால் எட்டிப் பார்த்தால் சீமாட்டியும் நானும்தான் இருக்கிறோம். "என்னண்ணே, பசு மாடு எங்க? ஆடுல்ல நிக்குது!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தான் கீழே இறங்கினார். கதவைச் சாத்தினார்.

"கன்னு வரல" என்றார். "என் பொண்ணு எழுதின எடை தப்பு. தப்புன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஜட்ஜுக்குத் தெரியாது, அந்த மேடத்துக்கே தெரியாது. இவளா நின்னு சொன்னா. அத்தனை பேரு முன்னால."

"சொல்லாம இருந்திருந்தா?"

"கன்னு வந்திருக்கும். பேசாம இருன்னு நான்தான் சொன்னேன். ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுகூட இருந்து பார்த்தேன்." அத்தான் லாரிக் கதவைத் தட்டி, உள்ளே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவளைக் காட்டினார். "என் பேச்சைக் கேக்கவே இல்ல!"

பின்னால் நிற்பவர்களுக்குக் காதில் விழுந்திருக்காதோ என்று அதை இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். பெற்ற பிள்ளை தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதை அவ்வளவு பெருமையாகச் சொன்ன ஒரு தகப்பனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.